ஒருவகைப் பறவை

தமிழ் இலக்கியம் கற்பிப்பவர்களுக்கு ஆபத்தில் கைகொடுக்கும் தொடர் ஒன்று உண்டு. ‘ஒருவகைப் பறவை’ என்பது அது. ‘ஒருவகை மரம்’, ‘ஒருவகை மீன்’ என அதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. பழைய உரைகளில் தொடங்கி அகராதிகள் வழியாக நாங்கள் தேர்வுக்காக அச்சிட்டு வழங்கும் குறிப்புகள் வரை அது தடையின்றி வந்து சேர்ந்திருக்கிறது. குருகு என்றால் என்ன என்று மாணவர் கேட்டால், ஒருவகைப் பறவை என்போம். மாணவர் எழுதிக்கொள்வார். தேர்வில் அதையே திருப்பி எழுதுவார். நாங்களும் சிவப்பு மையால் சரி என்று குறியிடுவோம். கேட்டவருக்கும் தெரியவில்லை, சொன்னவருக்கும் தெரியவில்லை, மதிப்பெண் மட்டும் முறையாகக் கைமாறிவிடும். இருபது ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலை இது.

திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியை நான் பெரும்பாலும் ஆண்டுதோறும் நடத்துகிறேன். நான் குடியிருப்பது தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில். கவிராயர் பிறந்த மேலகரம் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவு. ஆகவே இந்த நூலின்மீது ஊர்க்காரன் என்ற உரிமை எனக்கு எப்போதும் உண்டு. வசந்தவல்லியின் பந்தாட்டம், குறத்தி பாடும் மலைவளம் ஆகிய பகுதிகளில் வகுப்பு தானே நடந்துவிடும்; பாட்டின் ஓசையே ஆசிரியரின் வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது. பின்பகுதியில் சிங்கன் வருகிறான். கண்ணியும் கையுமாக வரும் பறவை வேட்டைக்காரன். கூட்டாளியாக நூவன். பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குவதையும், குற்றாலநாதருக்குரிய எந்தெந்த வயலில், எந்தெந்தக் குளத்தில் அவை மேய்கின்றன என்பதையும் சிங்கன் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறான். நாரை வருகிறது, தாரா வருகிறது, கூழைக்கடா வருகிறது, குருகு வருகிறது. கோயில் நிலங்களின் கணக்கேடும் பறவைகளின் கணக்கேடும் ஒரே பாட்டில் கலந்து கிடக்கும் அதிசயமான பகுதி அது. நான் அதை ஒரே வகுப்பில் முடித்துவிடுவது வழக்கம். பெயர்ப்பட்டியல்தானே, தேர்வில் பெரிதாக வராது.

2006ஆம் ஆண்டு என்று நினைவு. இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பு. கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். வகுப்பில் வாய் திறக்காதவன். “சார், இந்தப் பறவையெல்லாம் எங்க ஊர்க் குளத்துக்கு இப்பவும் வருது. எங்க தாத்தா கண்ணி வச்சுப் பிடிப்பாரு. இந்தக் குருகுன்னு சொல்லியிருக்கது உள்ளானா, கொக்கா?” என்று கேட்டான்.

அந்தக் கேள்வி எவ்வளவு நல்ல கேள்வி என்பது இன்று தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: விடை எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் துணிவு வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் எவருக்கும் வருவதில்லை. “ஒருவகைப் பறவை. எழுதிக்கொள்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வகுப்பைச் சிரிக்கவைக்கும் ஆசை விடவில்லை. “பாடத்தில் சிங்கனைத் தேடிக்கொண்டிருக்கிறோம், பேரன் இங்கேயே உட்கார்ந்திருக்கிறான்” என்றேன்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவனும் சிரித்தபடிதான் உட்கார்ந்தான். அடுத்த வாரம் நடைவழியில் யாரோ “ஏலே சிங்கா” என்று கூப்பிடுவதும் அவன் திரும்பிப் பார்ப்பதும் என் காதிலும் கண்ணிலும் பட்டன. கூப்பிட்டவர்கள் எந்தத் தெருக்காரர்கள், அவன் எந்தத் தெருக்காரன் என்பதை வைத்துப் பார்த்தால், அந்தப் பெயருக்குள் நான் வைக்காத பொருளும் ஏறிவிட்டிருந்தது. வைக்காத பொருள் என்று இப்போது எழுதுகிறேன். அன்று வைக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல எனக்கு நாவெழவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவன் வருவது நின்றுவிட்டது. வருகைப் பதிவேட்டில் சில மாதம் புள்ளிகள், பிறகு ஒரு சிவப்புக் கோடு.

சென்ற மார்கழியில் தென்காசிச் சந்தையில் குளத்து மீன் வாங்க நின்றிருந்தேன். கெண்டையை எடைபோட்டுக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “நல்லாருக்கியளா சார்? நான் சிங்கன் சார். உங்ககிட்ட படிச்சேன்” என்றார்.

முகம் தெரிந்தது. கடைசி இருக்கை தெரிந்தது. எழுந்து நின்ற விதம்கூடத் தெரிந்தது. பெயர் மட்டும் தெரியவில்லை. அவர் தன்னைச் சொல்லிக்கொண்ட அந்தப் பெயரைத் தவிர எனக்கு வேறெதுவும் நினைவில் இல்லை. எத்தனையோ மாணவர்களின் பெயர் மறந்து போகும், கேட்டுவிட்டால் முடிந்தது. இவரிடம் எப்படிக் கேட்பது?

(அவன் என்று எழுதத் தொடங்கிவிட்டு இங்கே அவர் என்று மாற்றிக்கொண்டதை வாசிப்பவர்கள் கவனித்திருக்கலாம். வகுப்பறையில் அவன், சந்தையில் அவர். அவருக்கு இப்போது நாற்பதை நெருங்கும் வயது, மூத்த பெண் பத்தாம் வகுப்பு.)

அவர் ஒரு குளத்தில் மீன்பாசிக் குத்தகைக்காரருக்குக் கூட்டாளி. தென்காசிக்குக் கிழக்கே உள்ள குளம். பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், காரணம் பின்னால் வரும். பேச்சுவாக்கில், “தையில பறவை எண்ணப் போறோம் சார், நீங்களும் வாங்களேன்” என்றார். மணிமுத்தாறிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தின் முயற்சியில் 2011 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் தாமிரபரணி நீர்நிலைப் பறவைகள் கணக்கெடுப்பு அது. தன்னார்வலர்கள் குழுக்களாகப் பிரிந்து நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பகுதிக் குளங்களுக்குச் சென்று எண்ணுவார்கள். இவர் சில ஆண்டுகளாகக் கலந்துகொள்கிறாராம். கணக்கெடுப்புக்கு முந்தைய வாரம் தன் குளத்தைத் தனியாக ஒருமுறை பார்த்துக் குறித்துவைப்பது வழக்கம் என்றும், அன்று வந்தால் வள்ளத்தில் கூட்டிப்போகிறேன் என்றும் சொன்னார். “ஐஸ் கட்டி ஊருலேருந்து வந்த உள்ளானக் காட்டுதேன்” என்றார்.

ஐஸ் கட்டி ஊர் என்று அவர் சொன்னது வட துருவ ஓரத்தை.

முந்தின இரவு நான் வழக்கப்படி பாடம் தயாரித்தேன். பி.எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ என் அலமாரியில் இருந்தது. முனைவர் பட்டம் பெறும் ஆசையில் வாங்கி, ஆசை போனபிறகும் தங்கிவிட்ட நூல்களில் ஒன்று. ‘ஒருவகைப் பறவை’ என்ற விடைக்குப் பணியாமல், பாட்டில் சொல்லப்பட்ட நிறம், குரல், கூடு, இரை இவற்றை வைத்து ஒவ்வொரு புள்ளாகத் தேடிப்போனவர் அவர். அதை மூடிவிட்டு, இணையத்தில் கொசு உள்ளானைப் பற்றி நள்ளிரவு வரை வாசித்தேன்.

கொசு உள்ளான் ஏறத்தாழ இருபத்தைந்து கிராம் எடையுள்ள பறவை. ஒரு கோழிமுட்டையில் பாதி. நார்வேயின் வடகோடியிலிருந்து சைபீரியாவின் வட கடற்கரை நெடுகிலும், மரம் முளைக்காத பனிவெளியில் அது முட்டையிடுகிறது. அந்த நிலத்தின் அமைப்பைப் படித்தபோது எனக்கு நம் குளங்களின் நினைவு வந்தது. அடிமண் ஆண்டு முழுவதும் கல்லாக உறைந்து கிடக்கும். கோடையில் மேலடுக்கு மட்டும் ஓர் அடி, இரண்டு அடி இளகும். உருகிய நீருக்குக் கீழே இறங்க வழியில்லை. குட்டை குட்டையாகத் தேங்கும். அந்தக் குட்டைகளில் கொசுவும் ஈயுமாகப் பெருகும். சூரியன் மறையாத சில வாரங்களுக்குள் பறவை கூடுகட்டி, நான்கு முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சை ஆளாக்கிவிட வேண்டும். காலம் போதாது என்பதற்காகக் கொசு உள்ளான் ஓர் உபாயம் செய்கிறது. பெட்டை முதல் ஈட்டு முட்டைகளைச் சேவலிடம் ஒப்படைத்துவிட்டு, இன்னோர் ஈடு இட்டுத் தான் அடைகாப்பதுண்டு. பொரித்த குஞ்சுக்கு யாரும் ஊட்டுவதில்லை. ஈரம் உலர்ந்ததும் எழுந்து ஓடித் தானே பூச்சி பிடிக்கும். பெரிய பறவைகள் முதலில் தெற்கே கிளம்பிவிடுகின்றன. அவ்வாண்டுப் பிறந்த குஞ்சுகள் சில வாரங்கள் கழித்து, வழிகாட்ட மூத்தவர் எவருமின்றிப் புறப்படுகின்றன. சைபீரியாவின் தைமீர் தீபகற்பத்திலிருந்து தென்காசி நேர்க்கோட்டில் ஏறத்தாழ ஏழாயிரம் கிலோமீட்டர். ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்கு இதைப் படிக்கச் சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது.

காலை ஐந்தரைக்குக் கரையில் நின்றேன். தை மாதத்துப் பனி. மேற்கே திரிகூடமலை இருட்டில் சுவர்போல நின்றது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் கூட்டம் தலையை நீட்டிக் குளித்துவிட்டுப் போகும் நீர்தான் சிற்றாறாகி, அணைக்கட்டு அணைக்கட்டாக, கால்வாய் கால்வாயாக இந்தப் பக்கத்துக் குளங்களுக்கு வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்பி மறுகால் விழும். தையில் நீர் சற்று இறங்கி ஓரங்களில் சேறு தெரியத் தொடங்கும். அந்தச் சேறுதான் உள்ளானுக்குப் பந்தி. நிறைகுளத்தில் அதற்கு வேலையில்லை, கால் எட்டாது.

வள்ளம் என்று நான் நினைத்திருந்தது வேறு. கரையில் கிடந்தது, தெர்மாகோல் பலகைகளை அடுக்கி உரச்சாக்கில் வைத்துத் தைத்த மிதவை. மீனவர் ஒருவர் உட்கார்ந்து வலை போடுவதற்கானது. சாக்கு ஒருபக்கம் கிழிந்து, வெள்ளைப் பலகை துருத்திக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். “பயப்படாதிய சார். அன்னா நிக்கி பாருங்க ஃபைபர் வள்ளம். இதுல உங்கள உக்கார வச்சா டிவியில பனிக்கட்டி மேல கரடி போகும்லா, அதுமாதி இருக்கும்.”

வள்ளம் இரண்டு பேருக்கு அளவானது. துடுப்பைவிட மூங்கில் கழிதான் அதிகம் பயன்பட்டது. அவர் பின்னால் நின்று ஊன்றித் தள்ளினார், நான் முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பறவைகளைக் கரையிலிருந்துதான் எண்ண வேண்டும். நீருக்குள் போனால் கலைந்து பறந்துவிடும், ஒன்றை இருமுறை எண்ண நேரிடும் என்று அவரே சொன்னார். ஆனால் இந்தக் குளத்தின் நடுவே கருவேல மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால் மேடிட்ட சேற்றுத்திட்டு ஒன்று உண்டு. அது எந்தக் கரையிலிருந்தும் தெரியாது. அங்கே போவதற்குத்தான் வள்ளம். மரத்தடியில் வள்ளத்தை நிறுத்திவிட்டு அசையாமல் இருக்க வேண்டும்.

போகும் வழியில் வெளிச்சம் வந்தது. கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் இறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. பாம்புத்தாரா ஒன்று கழுத்தை மட்டும் வெளியே நீட்டி எங்களைப் பார்த்துவிட்டு மூழ்கியது. நாமக்கோழிகள் நீர்மேல் ஓடி எழும்பின. நத்தைகுத்தி நாரை எட்டு, நீலத் தாழைக்கோழி முப்பதுக்குமேல், ஊசிவால் வாத்து ஒரு கூட்டம். அவர் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார், நான் தாளில் கோடு போட்டேன். ஆசிரியர், மாணவர் இடம் மாறியிருந்ததை இருவரும் கண்டுகொள்ளாததுபோல இருந்தோம். கூட்டமாக இருந்தால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதே அளவால் மீதியைக் கட்டம் கட்ட வேண்டும் என்று சொல்லித்தந்தார். விடைத்தாள் கட்டை எடையால் கணிக்கும் எங்கள் கலைக்கு அது அவ்வளவு தூரமானதல்ல.

மரங்களுக்கு அப்பால் திட்டு தெரிந்ததும் கழியைச் சேற்றில் குத்தி வள்ளத்தைக் கட்டினார். எனக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. சேறு, அதன்மேல் சிறு சிறு மண்ணாங்கட்டிகள். அவர் தொலைநோக்கியை என்னிடம் தந்தார். மண்ணாங்கட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

தையல் எந்திரத்தின் ஊசியைப் போல, நிற்காமல், சேற்றைக் குத்திக்கொண்டே ஓடும் சாம்பல்நிறப் பறவைகள். கறுத்த கால், கறுத்த குறுகிய அலகு, வெள்ளை வயிறு. அவற்றினிடையே உயரமான சில: பொறி உள்ளான், நீண்ட கழுத்துடன் பேதை உள்ளான், இரண்டு பச்சைக்காலிகள். இந்தியாவில் வளையமிட்டு விட்ட பேதை உள்ளான்கள் சைபீரியாவில் அகப்பட்டிருக்கின்றன என்பதை முந்தின இரவுதான் படித்திருந்தேன். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் வேலையும் இதுதான்: வலையில் பிடித்து, காலில் வளையம் மாட்டி, எடை பார்த்து விட்டுவிடுவது. சிங்கனும் பிடித்தான், இவர்களும் பிடிக்கிறார்கள் என்று எனக்கு ஒரு வாக்கியம் தோன்றியது. அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லும் இடம் எது என்பது உறைத்து, விழுங்கிக்கொண்டேன்.

“எங்க தாத்தா குதிரைவால் முடியில கண்ணி முறுக்குவாரு சார்” என்றார் அவர், நான் கேட்காமலே. “சேத்துல வரிசையா நட்டு வச்சிட்டு வரப்புல படுத்துக்கிடுவாரு. கொக்கு, உள்ளான் எல்லாம் விழும். இந்தப் பொடிய விட்டுருவாரு. கறியே கிடையாதுல்லா. ‘தூரத்துலருந்து வந்தது, போட்டும்’ பாரு.”

“தூரத்திலிருந்து வந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?”

“இங்க எவனும் அதுக்க கூட்டப் பாத்ததில்லல்லா சார். கூடு இல்லன்னா வேத்தூரு.”

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. கவிராயர் காலத்துக்குப் பின் இருநூறு, முந்நூறு ஆண்டுகள் இந்த நூலுக்கு உரை சொன்னவர்கள் யாரும் வரப்பில் படுத்திருக்கவில்லை.

அவர் கேட்டதால், இரவு படித்ததையெல்லாம் சொன்னேன். அந்தப் பனிவெளி இளகிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். 1979 முதலான கணக்கைப் பார்த்தால் வட துருவப் பகுதி உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்று 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. பனி முன்னதாக உருகினால் பூச்சிகள் முன்னதாகப் பெருகி முன்னதாகவே மடிந்துவிடும்; பறவை தன் பழைய நாட்காட்டியை நம்பி வந்து முட்டையிட்டு, குஞ்சு பொரிக்கும்போது பந்தி முடிந்திருக்கும். உள்ளான் சுற்றத்தைச் சேர்ந்த இன்னொரு பறவையிடம் இது அளந்து பார்க்கப்பட்டது. தைமீரில் பனி சீக்கிரம் உருகிய ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் உருவம் சிறுத்து, அலகு குட்டையாகி இருந்தன. அவை குளிர்காலத்தைக் கழிக்க மேற்கு ஆப்பிரிக்காவின் மொரித்தானியக் கடற்கரைக்குப் போனபோது, மணலுக்குள் ஆழத்தில் இருந்த சிப்பியை அந்த அலகால் எட்ட முடியவில்லை. 2016இல் வந்த ஆய்வு அது. பனி இளகுவது ஓரிடம், பட்டினி கிடப்பது வேறிடம்.

“அங்க நம்ம ஆளுக யாராச்சும் இருக்காங்களா சார்?” என்றார்.

இருக்கிறார்கள் என்றேன். நார்வேக்குரிய ஸ்வால்பார்ட் தீவுகளில், ஏறத்தாழ 79 பாகை வட அட்சத்தில், ஹிமாத்ரி என்ற இந்திய ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்குகிறது. தென் துருவத்தில் மைத்ரி, பாரதி. அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்பம் அவங்களும் போட்டுலதான் போவாங்க, இப்படி ஐஸ் கட்டிக்கு ஊடால” என்று சொல்லிக் கழியை ஒருமுறை அசைத்துக் காட்டினார். வள்ளம் ஆடியது. நான் இரு பக்கமும் பிடித்துக்கொண்டேன். அவருக்குச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் நான் பேச்சை எடுத்தேன். வகுப்பில் அன்று நான் சொன்னது தவறு, அதனால்தான் நீங்கள் படிப்பை விட்டீர்களோ என்று பல நாள் நினைத்திருக்கிறேன் என்றேன். பல நாள் என்பது பொய். சந்தையில் பார்த்த நாளிலிருந்து என்பதே உண்மை.

அவர் திட்டைப் பார்த்தபடியே பேசினார். “அதுக்காக விடல சார். அப்பாவுக்கு ஒடம்புக்கு முடியாமப் போச்சு. ஃபீஸ் கெட்ட முடியல.” சிறிது நேரம் கழித்து, “பேரு மட்டும் அப்படியே நெலச்சுப் போச்சு. குளத்துல, சந்தையில எல்லாவனும் சிங்கன்தான். எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல கூட ஒருத்தன் கூப்பிட்டிருக்கான், சிங்கன் மகளேன்னு. அவ வந்து எங்கிட்ட கேக்கா, அது நம்ம சாதிப் பேராப்பான்னு” என்றார்.

குரலில் குற்றச்சாட்டு இல்லை. பறவையின் பெயர் சொல்வதுபோலவே சொன்னார். மன்னிப்புக் கேட்பதற்கு நான் வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம், படிப்பை விட்டதற்கு நான் காரணம் என்ற அடிப்படையில் அமைந்தவை. அந்தக் காரணத்தை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். மிச்சமிருந்ததற்கு என்னிடம் வாக்கியம் இல்லை.

அப்போது கிழக்குக் கரையிலிருந்து வெடி வெடித்தது.

திட்டு முழுவதும் ஒரே வீச்சில் எழுந்தது. பழுப்பாக எழுந்து, திரும்புகையில் வெள்ளையாக மின்னி, மீண்டும் பழுப்பாகி, கருவேல மரங்களுக்கு மேலாக வளைந்து போனது. வாத்துகள், நாரைகள், எல்லாம் வானில். இரண்டாவது வெடி. கூழைக்கடாக்கள் பத்துப் பன்னிரண்டு கனத்த சிறகை அடித்து மெல்ல எழும்பி மேற்கே நகர்ந்தன.

“எண்ணி முடிக்கட்டும் வெடி போடாதன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்” என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. “மச்சான் கேக்க மாட்டான்.” பிறகு என் பக்கம் திரும்பி, “மத்த நாள்ல நானும்தான் போடுவேன் சார். பொய் சொல்லக்கூடாது. குஞ்சு வாங்கி விட்ட கடன் நிக்கி. கூழைக்கடாவும் நீர்க்காக்காவும் எறங்குனா மீனு என்னத்துக்கு ஆகும்? உள்ளான் மீனு திங்காது, அதுக்கும் சேத்துத்தான் வெடி. அதுக்குத் தெரியுமா தனக்கு இல்லன்னு?” என்றார்.

குளத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் சொன்ன காரணம் இது. பறவை ஆர்வலர் பலர் குத்தகைக்காரர்களின் வெடியைப் பற்றிக் கடுமையாக எழுதுவதை நான் படித்திருக்கிறேன். நானும் அவர்கள் பக்கமே. கூந்தன்குளத்தில் ஊரே பறவைக்காகப் பட்டாசைத் தவிர்க்கிறது என்று வகுப்பில் எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கூந்தன்குளம் 1994 முதல் சரணாலயம், 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இந்தக் குளத்துக்குப் பட்டியல் ஏதுமில்லை. குத்தகைத் தொகையும் வட்டியும் உண்டு. வள்ளத்தில் உட்கார்ந்திருந்தபோது அவரிடம் சொல்ல அறிவுரை ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அந்த இடத்தில் அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

காத்திருந்தோம். அரைமணி நேரத்துக்குப் பின் உள்ளான்கள்தாம் முதலில் திரும்பின. ஐந்தாறாக வந்து இறங்கி, இறங்கிய கணமே குத்தத் தொடங்கின. ஏழாயிரம் கிலோமீட்டரைக் கடந்து வந்தவற்றுக்கு வெடிச்சத்தம் பெரிய செய்தியாக இல்லை போலும். அல்லது பசி பெரிதாக இருந்திருக்கலாம். சித்திரைக்குள் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே திரும்ப வேண்டும். அவர் பத்துப் பத்தாகக் கட்டம் கட்டி எண்ணினார். நானும் தனியாக எண்ணினேன். அவர் நூற்று நாற்பது என்றார், எனக்கு நூற்றுப் பத்துதான் வந்தது. “ஓடுததுகள விட்டுட்டியளா சார்” என்று கேட்டு, மறுபடி எண்ணச் சொன்னார். மூன்றாம் முறை நான் நூற்று முப்பத்தைந்துக்கு வந்தேன். அவர் அதை ஒப்புக்கொண்டார்.

கரையேறும்போது ஒன்பதரை. அவருடைய மச்சான் மடையருகே நின்று எங்களைப் பார்த்துச் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. புளியமரத்தடியில் தூக்குவாளியில் வந்த தேநீரைக் குடித்தபடி, என் கோட்டுத் தாளிலிருந்து நல்ல படிவத்துக்குப் பெயர்த்து எழுத உட்கார்ந்தோம். “உங்க எழுத்து முத்து முத்தா இருக்கும் சார், நீங்களே எழுதுங்க” என்று பேனாவைத் தந்தார். குளத்தின் பெயர், நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நீர்மட்டம், தொந்தரவுகள். தொந்தரவுகள் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவரைப் பார்த்தேன். “வெடின்னே எழுதுங்க” என்றார். எழுதினேன். பறவைகளின் பெயர்கள், எண்ணிக்கைகள். கொசு உள்ளான் என்பதற்கு நேரே 135.

கடைசி வரி, கணக்கெடுத்தவர் பெயர். முதலில் என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே பேனா நின்றது.

அவர் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் படிவத்தைப் பார்த்தபடி இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. உரையாடலில் ஓர் இடைவெளி என்று யாரும் எண்ணிக்கொள்ளக்கூடிய நேரத்தைவிடக் கூடுதல். பிறகு அவர் தூக்குவாளி மூடியைக் கீழே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்து, “இங்க தாங்க சார்” என்று பேனாவை வாங்கினார். படிவத்தைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு, தலைப்பெழுத்தோடு முழுப்பெயரையும் நிதானமாக எழுதி, நான் படிக்கும்படி என் பக்கம் திருப்பி வைத்தார்.